உங்கள் ஊரின் சென்சஸ் எண்களை எடுத்துச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கல்லூரி புராஜெக்ட், கிராம சபைக்கு ஒரு மனு, வார்டில் பள்ளிக்கூடம் கேட்டு ஒரு கடிதம், எதுவானாலும் கடைசியில் சென்சஸ் எண்களிடம்தான் வந்து நிற்போம். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றே: கிடைத்த கோப்பைத் திறந்து, கண்ணில் பட்ட எண்ணை எடுத்து, உடனே சதவீதம் போட்டுவிடுவார்கள். எந்த இடம், எந்தத் தேதி, யாரெல்லாம் அந்த எண்ணில் அடக்கம் என்ற மூன்றும் தெரியாமல் போட்ட சதவீதம், கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் அதிகாரி முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்காது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். கணக்கு போடும் வேலை ஆறாவது படியில்தான் வருகிறது.

தேவையானவை: கணினி (மொபைலில் இந்தக் கோப்புகளைத் திறந்து வேலை செய்வது வீண்பாடு), எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ், இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் சென்சஸ் இணையதளம், அப்புறம் ஊரைத் தெரிந்த ஒருவர். கடைசியாகச் சொன்னது அலங்காரத்துக்கு இல்லை, இரண்டாவது படியில் அவர் கட்டாயம் வேண்டும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எங்கள் ஊரைப் பற்றிய புள்ளிவிவரம்" என்பது கேள்வி இல்லை. "எங்கள் கிராமத்தில் 2011-ல் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது?" என்பதுதான் கேள்வி. இப்படி எழுதினால்தான் சென்சஸில் அதற்குப் பதில் இருக்கிறதா என்றே தெரியவரும்.

2011 கணக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடந்தது. 2010 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீட்டுப் பட்டியல், 35 கேள்விகள்: சுவர், கூரை, குடிநீர், கழிப்பறை, வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்பவை. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆட்களை எண்ணியது, 29 கேள்விகள்: வயது, பாலினம், மதம், தாய்மொழி, படிப்பு, வேலை, இடப்பெயர்வு, குழந்தைப்பேறு. வருமானம் இரண்டிலும் கேட்கப்படவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்ற சாதி விவரமும் இல்லை. நோய், கடன், நிலத்தின் அளவு எதுவும் இல்லை. இவற்றைத் தேடுபவர்கள் இங்கேயே வேறு வழிக்குத் திரும்பிவிடலாம், நாள்கணக்கில் தேடி அலைவது மிச்சம்.

2. 'ஊர்' என்பது எது என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் இதற்கு நேரம் கொடுங்கள்.

சென்சஸில் கிராமம் என்றால் வருவாய் கிராமம். நாம் பேச்சில் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் ஒரு குக்கிராமத்தையோ ஊராட்சியையோதான். ஒரு ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் இருக்கலாம், ஒரே வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளுக்குள் பிரிந்தும் கிடக்கலாம். உங்கள் குக்கிராமத்தின் பெயர் கோப்பில் இல்லை என்றால் ஊரை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, அது வேறொரு வருவாய் கிராமத்தின் பெயருக்குள் அடங்கியிருக்கிறது. எந்தப் பெயருக்குள் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ பட்டா சிட்டா பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவரிடமோ கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். முதலில் சொன்ன 'ஊரைத் தெரிந்த ஒருவர்' இதற்குத்தான்.

அடுத்தது மேல் அடுக்கு. சென்சஸ் கோப்பு மாநிலம், மாவட்டம், தாலுகா, கிராமம் என்று இறங்கும். நீங்கள் ஊராட்சி ஒன்றியம் என்று தேடினால் கிடைக்காது, அதற்கு ஒன்றிய வாரியான தனிக் கோப்பு உண்டு. தாலுகாவும் ஒன்றியமும் ஒரே பெயரில் இருந்தாலும் எல்லை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மாவட்டத்திலும் கவனம் வேண்டும். 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. கள்ளக்குறிச்சிக்காரர் விழுப்புரத்துக்குள் தேட வேண்டும், தென்காசிக்காரர் திருநெல்வேலிக்குள், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூருக்குள், செங்கல்பட்டு காஞ்சிபுரத்துக்குள், மயிலாடுதுறை நாகப்பட்டினத்துக்குள்.

சென்னை என்றால் இன்னும் சிக்கல். 2011 சென்சஸில் சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 46,46,732. அதே சென்சஸில் சென்னை நகரத் தொகுதி, அதாவது மாநகரும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும் சேர்ந்தது, 86,53,521. மாநகராட்சி எல்லை விரிந்து 200 வார்டு ஆனது 2011 அக்டோபரில், சென்சஸ் முடிந்த பிறகு. ஆகவே 2011 வார்டு எண்கள் பழைய 155 வார்டுகளுக்கு உரியவை. இன்றைய வார்டு எண்ணை வைத்து 2011 கோப்பில் தேடி எடுத்தால் வேறு யாருடைய தெருவையோ எடுத்து வந்திருப்பீர்கள்.

சரியான இடத்தைக் கண்டுபிடித்ததும் பெயரை விட்டுவிட்டு எண் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்கு 2 இலக்கம் (தமிழ்நாடு 33), மாவட்டத்துக்கு 3, தாலுகாவுக்கு 5, கிராமத்துக்கு 6. பெயரை நம்பி வேலை செய்தால் ஒரே தாலுகாவில் ஒரே பெயரில் இரண்டு கிராமம் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலும் கோப்புக்குக் கோப்பு மாறும். குறியீடு மாறாது.

3. எந்தக் கோப்பு வேண்டும்

ஒரு கிராமத்துக்கோ வார்டுக்கோ அடிப்படை எண்கள் வேண்டுமென்றால் 'முதன்மைச் சென்சஸ் சுருக்கம்' எனப்படும் கோப்பு போதும். குடும்பங்கள், ஆண், பெண், 0–6 வயதுக் குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி, எழுத்தறிந்தோர், தொழிலாளர் வகைகள் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஊரில் பள்ளி, பேருந்து, மருத்துவமனை உண்டா என்பதற்கு மாவட்டச் சென்சஸ் கையேட்டில் உள்ள கிராமக் குறிப்பேடு. கழிப்பறை, குடிநீர், சமையல் எரிபொருளுக்கு வீட்டுப் பட்டியல் அட்டவணைகள். வயது, மதம், மொழி 'சி' வரிசையில், இடப்பெயர்வு 'டி' வரிசையில், ஆனால் இந்த இரண்டு வரிசைகளிலும் பெரும்பாலான அட்டவணைகள் கிராம அளவுக்கு இறங்காது. மாவட்டத்தோடோ தாலுகாவோடோ நின்றுவிடும்.

4. இறக்கியதும் எண்ணைத் தொடாமல் செய்ய வேண்டியவை

மூலக் கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வையுங்கள், வேலை எல்லாம் இரண்டாவது பிரதியில். பின்னால் ஒரு எண் உதைத்தால் திரும்பிப் பார்க்க மூலம் இருக்க வேண்டும்.

குறியீட்டு நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' வடிவில் திறக்கச் சொல்லுங்கள். தாலுகாக் குறியீடு பூஜ்யத்தில் தொடங்கும், எக்செல் அதை எண் என்று நினைத்து முன் பூஜ்யத்தைத் தின்றுவிடும், அப்புறம் இன்னொரு கோப்போடு இணைக்கும்போது ஒரு வரிகூடப் பொருந்தாது.

அடுத்து கோப்பின் அமைப்பைப் பாருங்கள். ஒரே தாளில் மாவட்டத்துக்கு ஒரு வரி, அதன் தாலுகாக்களுக்குத் தனி வரிகள், அவற்றின் கிராமங்களுக்குத் தனி வரிகள், நகரங்களுக்கு, வார்டுகளுக்கு என்று எல்லாம் கலந்து வரும். மாவட்ட, தாலுகா வரிகள் 'மொத்தம்', 'ஊரகம்', 'நகர்ப்புறம்' என்று மூன்று தடவை வேறு வரும். இதைக் கவனிக்காமல் மக்கள்தொகை நெடுவரிசையின் அடியில் கூட்டல் போட்டால் அதே மனிதர் மாவட்டத்தில் ஒருமுறை, தாலுகாவில் ஒருமுறை, கிராமத்தில் ஒருமுறை என்று பலமுறை எண்ணப்படுவார். விடை உண்மையைப் போலப் பல மடங்கு வந்து நிற்கும். 'அடுக்கு' என்று காட்டும் நெடுவரிசையில் வடிகட்டி போட்டு ஒரே ஓர் அடுக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிராமம் வேண்டுமென்றால் கிராம வரிகள் மட்டும், அவ்வளவுதான்.

5. தெரிந்த எண்ணோடு கூட்டிப் பாருங்கள்

உங்கள் ஊருக்குப் போவதற்கு முன் மாநில வரியைச் சோதியுங்கள். தமிழ்நாடு 2011: ஆண் 3,61,37,975, பெண் 3,60,09,055, கூட்டினால் 7,21,47,030. ஊரகம் 3,72,29,590, நகர்ப்புறம் 3,49,17,440, இதைக் கூட்டினாலும் அதே எண் வரவேண்டும். வந்தால் கோப்பு சரி, நீங்கள் அதைப் படிக்கும் விதமும் சரி. அப்புறம் உங்கள் தாலுகாவின் கிராமங்களைக் கூட்டி, தாலுகாவின் ஊரக வரியோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் கையில் 7,21,38,958 இருந்தால் பதற வேண்டாம். அது 2011-ல் வந்த தற்காலிக எண், மேலே உள்ளது இறுதி எண். இணையத்தில் இரண்டும் கலந்தே உலவுகின்றன. இந்தியாவுக்கும் இப்படித்தான்: 121,01,93,422 தற்காலிகம், 121,08,54,977 இறுதி, நடுவில் 121,05,69,573 என்று இன்னொன்றும் வரும். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் மூன்று உட்கோட்டங்கள், அவற்றின் மதிப்பீட்டைச் சேர்த்தால் ஒரு எண், விட்டால் இன்னொன்று. ஒரு கட்டுரைக்குள் தற்காலிகமும் இறுதியும் கலக்கவே கூடாது. மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்து வகுத்தால் வரும் விகிதம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

6. எதால் வகுக்கிறீர்கள்?

எழுத்தறிவு விகிதத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் 5,18,37,507. இதை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 71.85 சதவீதம். ஆனால் அச்சாகியிருக்கும் விகிதம் 80.09. எங்கே போனது எட்டு சதவீதம்?

சென்சஸில் ஏழு வயதுக்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைகளும், ஐந்து வயதில் சரளமாகப் படிக்கிற குழந்தையானாலும், எழுத்தறியாதோர் கணக்கில்தான் வருவார்கள். விகிதம் போடும்போது அவர்களைக் கழித்துவிட வேண்டும். 0–6 வயதினர் 74,23,832. மொத்தத்தில் இதைக் கழித்தால் 6,47,23,198. இதால் வகுத்தால் 80.09 சரியாக வரும்.

இதே கண்ணி இன்னொரு பக்கத்திலும் இருக்கிறது. 'எழுத்தறியாதோர்' நெடுவரிசையில் 2,03,09,523 என்று இருக்கும், அதை அப்படியே எடுத்து "இரண்டு கோடிப் பேருக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். குழந்தைகளைக் கழித்தால் 1,28,85,691. முதியோர் கல்விக்காக மனு எழுதுபவர் முதல் எண்ணைப் போட்டால், மனுவின் நோக்கமே அந்த ஒரு வரியால் அடிபட்டுப்போகும், அது நியாயமான கோரிக்கையாக இருந்தாலும்.

பாலின விகிதத்தில் வகுக்கும் எண் ஆண்கள். இந்தியாவில் 1000 ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்று சொல்கிறோம், உலகில் பல நாடுகள் 100 பெண்களுக்கு இத்தனை ஆண்கள் என்று தலைகீழாகச் சொல்கின்றன, வேற்று நாட்டு அட்டவணையோடு ஒப்பிடும் முன் இதைப் பாருங்கள். தமிழ்நாடு மொத்தத்தில் 996, ஆனால் 0–6 வயதில் 943. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். மொத்த விகிதத்தில் பெண்களின் ஆயுளும் ஆண்கள் வெளியூர் போவதும் கலந்திருக்கும். பெண் சிசுக்களுக்கு என்ன நடக்கிறது என்று அறிய விரும்பினால் 0–6 விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும். மொத்த விகிதத்தைக் காட்டி "எங்கள் மாவட்டத்தில் பிரச்சினை இல்லை" என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

7. சொல்லுக்குப் பின்னால் உள்ள வரையறை

முதன்மைத் தொழிலாளர் என்றால் முந்தைய ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர். அதற்குக் குறைவாகச் செய்தவர் தனி நெடுவரிசையில் வருவார். விவசாயக் கூலிகளை எண்ணும்போது முதல் நெடுவரிசையை மட்டும் எடுத்தால் பருவத்துக்கு மட்டும் வேலை கிடைப்பவர்கள், அதிலும் பெண்கள், கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். இரண்டையும் எடுத்து, பிரித்தே காட்டுங்கள்.

நகர்ப்புறம் இரண்டு வகை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற சட்டப்படியான ஊர்கள் ஒன்று. சட்டப்படி கிராமமாகவே இருந்தும் சென்சஸ் நகரமாகக் கருதுபவை மற்றொன்று. அதற்கு மூன்று நிபந்தனை: குறைந்தது 5,000 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது. தமிழ்நாடு 48.4 சதவீதம் நகர்ப்புறம் என்று சொல்லும்போது வயல் சூழ்ந்த பேரூராட்சிகளும் அதில் சேர்ந்திருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

பட்டியல் சாதி எண்ணில் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே உண்டு. கிறிஸ்தவ தலித் குடும்பங்கள் அதில் வரமாட்டார்கள். ஒரு சேரியையே நேரில் பார்த்துவிட்டுக் கோப்பில் குறைவான எண்ணைப் பார்த்துத் திகைப்பவர்கள் முதலில் இதைச் சோதிக்க வேண்டும். பழங்குடிக்கு மத நிபந்தனை இல்லை.

யார் எந்த ஊரில் எண்ணப்பட்டார் என்பதும் முக்கியம். கணக்கெடுப்பு நாள்கள் முழுவதும் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போயிருந்தவர் சொந்த ஊரில் எண்ணப்படமாட்டார், இருந்த இடத்தில்தான் எண்ணப்படுவார். பிப்ரவரி என்பது அந்த வேலைகள் நடக்கும் மாதம்.

8. வயதுக் கணக்கு செய்பவர்களுக்கு மட்டும்

ஒற்றை வயது அட்டவணையை வரைபடமாகப் போட்டால் 30, 35, 40, 45 என்று ஊசி ஊசியாக நிற்கும். பிறந்த தேதி தெரியாதவர்கள் முழு எண்ணாகச் சொல்லிவிடுவதால் வருவது. 25, 30, 35 என்று 60 வரை 0, 5-ல் முடியும் வயதினரைக் கூட்டி, 5-ஆல் பெருக்கி, 23 முதல் 62 வரை உள்ள எல்லோருடைய கூட்டுத்தொகையால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். இதற்கு விப்பிள் குறியீடு என்று பெயர். 100 வந்தால் குவியல் இல்லை, 105-க்குள் மிக நல்லது, 125-ஐத் தாண்டினால் தரவு கரடுமுரடு. அப்படி வந்தால் ஒற்றை வயதை விட்டு ஐந்தாண்டுத் தொகுப்புகளில் வேலை செய்யுங்கள்.

9. ஒப்பிடும் முன்

2001-ஐ 2011-ஓடு ஒப்பிடும்போது எல்லை அதேதானா என்று பாருங்கள். திருப்பூர் மாவட்டம் 2009-ல் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிரிந்தது. 2001 கோவையை 2011 கோவையோடு நேராக ஒப்பிட்டால் மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனதுபோல் தெரியும். மாவட்ட அளவில் 'ஏ-2' அட்டவணை எல்லையைச் சரிசெய்து 1901 முதல் தருகிறது, அதை எடுங்கள்.

வேறு கணக்கெடுப்போடு ஒப்பிடுவது இன்னும் ஆபத்து. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியா முழுவதற்கும் 1000 ஆண்களுக்கு 1020 பெண்கள் என்று வந்தது. 2011 சென்சஸின் 943-ஐ (இது இந்தியாவின் மொத்த விகிதம், மேலே பார்த்த தமிழ்நாட்டின் 0–6 வயது விகிதம் இல்லை) அதன் பக்கத்தில் வைத்துப் பெண்கள் எண்ணிக்கை ஆண்களைத் தாண்டிவிட்டது என்று பலர் எழுதினார்கள். அந்த ஆய்வு மாதிரிக் குடும்பங்களில் முந்தைய இரவு தங்கியவர்களை எண்ணியது. விடுதியிலும் வேலைத்தளத்திலும் முகாமிலும் இருக்கும் ஆண்கள் அதில் இல்லை. இரண்டு எண்ணும் தத்தம் இடத்தில் சரி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தப்பு.

சிறிய ஊர்களில் விகிதமே போடாதீர்கள். 0–6 வயதில் 22 ஆண், 18 பெண் குழந்தைகள் இருக்கும் ஊரின் விகிதம் 818. அதுவே 21-ம் 19-ம் என்றால் 905. ஒரே ஒரு குழந்தை மாறியதற்கு இவ்வளவு ஆட்டம். இப்படிப்பட்ட ஊருக்கு எண்ணிக்கையை அப்படியே கொடுங்கள், அல்லது பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

10. "இப்போது எத்தனை பேர்?" என்று கேட்டால்

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கான அறிவிக்கை 2025 ஜூன் 16-ல் வந்தது, பனிப் பிரதேசங்கள் தவிர்த்து அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மாநில அளவில் 2011 முதல் 2036 வரையிலான அரசின் உத்தேச மதிப்பீடு இருக்கிறது, அதை உத்தேசம் என்று சொல்லியே பயன்படுத்தலாம். ஆனால் கிராமத்துக்கு, பத்தாண்டு வளர்ச்சி விகிதத்தை எடுத்து நீங்களே நீட்டிப் போடாதீர்கள். ஒரு தொழிற்சாலை வந்தாலோ ஓர் ஏரி வறண்டாலோ அந்தக் கணக்கு ஒன்றுக்கும் ஆகாது. வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை எண்ணிக்கை, அங்கன்வாடிப் பதிவேடு இவற்றில் ஒன்றைத் தேதியோடு தனி வரியாகக் காட்டுங்கள், சென்சஸ் எண்ணோடு கலக்காமல்.

11. எழுதும் விதம்

ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் இந்த மாதிரி ஒரு வரி இருக்க வேண்டும்: "இடம்: வருவாய் கிராமம், குறியீடு இன்னது. தேதி: 2011 மார்ச் 1. எண்: இறுதி. விகிதம்: 7 வயதும் அதற்கு மேலும்." இது இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், கேள்வி கேட்பவருக்குப் பதில் அந்த வரியிலேயே இருக்கும்.

தசமங்களை அளவோடு போடுங்கள். 2011 சென்சஸுக்குப் பிறகு நடந்த சரிபார்ப்பு ஆய்வே ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகச் சொன்னது. ஒரு தசம இடம் தாராளம்.

யாராவது தனிக் குடும்பத்தின் விவரம் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். 1948 சென்சஸ் சட்டத்தின்படி தனிநபர் பதிவுகள் யார் பார்வைக்கும் திறக்கப்படுவதில்லை, நீதிமன்றத்திலும் சான்றாக ஏற்கப்படுவதில்லை. நீங்கள் ஊரில் கேட்டுச் சேகரித்த பெயர்களை இந்த எண்களோடு இணைத்து வெளியிடுவதும் கூடாது. பத்துக் குடும்பம் உள்ள தெருவில் பெயர் போடாவிட்டாலும் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்கள் நம்பித்தான் பதில் சொன்னார்கள்.

முடிந்ததும் வடிகட்டிய கோப்பு, போட்ட கணக்கு, குறியீட்டுப் பட்டியல், எந்த குக்கிராமம் எந்த வருவாய் கிராமத்துக்குள் இருக்கிறது என்ற உங்கள் குறிப்பு, நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். 2027 எண்கள் வரும்போது பழைய கிராமத்தைப் புதியதோடு பொருத்த முதலில் தேவைப்படப்போவது அந்தக் கடைசிக் குறிப்புதான், அது எந்த இணையதளத்திலும் கிடைக்காது.